யானைக்குக் கண் வைத்தல்

இளந்தளிர் விளையாட்டுக் கழகத்தின் சித்திரை விழாவில்
எனக்குக் கிடைத்த பொறுப்பு
கண் கட்டும் துண்டு.

வெல்லாவெளி வெயில்.
சாக்கு ஓட்டம் முடிந்து
மாவுக்குள் வாயால் காசு தேடியவர்கள்
முகம் கழுவப் போயிருந்தார்கள்.
கரும்பலகையில் யானை நின்றது.
நிரோசன் வாத்தியார் வெண்கட்டியால் கீறினது,
தும்பிக்கை கொஞ்சம் நீளம்,
வாலில் அவசரம் தெரிந்தது.
கண் மட்டும் இல்லை.

பதினெட்டாவதாய்ப் பெயர் கொடுத்தவள்
கோகிலவதனி.
பால் சேகரிக்கும் நிலையத்தில்
கேனைத் தட்டியே அளவு சொல்கிறவள்.
பிறவியிலேயே பார்வை இல்லை.

மைக்கில் ஜெயகௌசிகன் ஒரு பெருமூச்சு விட்டான்.
அது ஊர் முழுக்கக் கேட்டது.
"அவவுக்கு லேசுதானே,
நாளாந்தம் இந்த விளையாட்டுத்தானே"
என்றது ஒரு குரல்.
"பாவம், ஆறுதல் பரிசொன்று குடுத்து அனுப்புங்க"
என்றது இன்னொன்று.

இரண்டுக்கும் நடுவில்
துண்டோடு நான்.
பதினேழு நெற்றிகளின் வியர்வை அதில்.
கட்டுவதா, விடுவதா?

"கட்டுங்க.
எல்லாருக்கும் கட்டினீங்கதானே."

கட்டினேன்.
"கூந்தல் சிக்குது, கவனம்" என்றாள்.
துண்டால் அவளுக்கு வந்த நட்டம்
அவ்வளவுதான்.

"மறுகா, ஒரு கேள்வி.
மத்தவங்க கட்டுறதுக்கு முன்னால
பலகையைப் பார்த்தாங்களா?"

ஓம், பார்த்தார்கள்.
சிலர் அடியெண்ணி, விரலால் அளந்தும் பார்த்தார்கள்.

"அப்ப நானும் பார்க்கணும்."

தலைவர் வந்தார். செயலாளர் வந்தார்.
புத்தகமில்லாத விளையாட்டுக்கு
விதி தேடிப் பத்து நிமிடம் போனது.
வெண்கட்டிக் கோடு விரலுக்குத் தெரியாது,
தடவினால் அழியும்,
யானை அழிந்தால் பிளாஸ்டிக் வாளி யாருக்கு?

மோர் ஊற்றிக்கொண்டிருந்த தயாபரி
கயிறிழுத்தல் கயிற்றின் பிரிந்த நுனியில்
தும்பு உரித்து,
மதியச் சோற்றைப் பிசைந்து பசையாக்கி,
கோட்டின்மேல் ஒட்டத் தொடங்கினாள்.
அவளிடம் யாரும் கேட்கவில்லை.
தடுக்கவும் இல்லை.

கோகிலவதனி பலகையைப் பார்த்தாள்,
பத்து விரலால்,
வாலிலிருந்து முதுகேறி,
மத்தகம் இறங்கி, தும்பிக்கை முடிய.
திரும்பி வந்து காதில் நின்றாள்.

"காது சின்னன்."

வாத்தியார் வானத்தைப் பார்த்தார்.

"மாசியில எங்கட குசினிச் சுவரை இடிச்சது.
நெல்லுக்கு வந்தது.
எல்லாரும் லைட் அடிச்சு ஓடிட்டாங்க.
நான் அலுமாரிக்கு அங்கால ஒட்டி நிண்டன்.
அது காதை அசைக்க
பாயை உதறின மாதிரிக் காத்து
என்ர முகத்தில பட்டது.
இவ்வளவு சின்னக் காதால
அந்தக் காத்து வராது."

மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

பதினைந்து அடி தூரம்.
முதலில் படும் புள்ளிதான் கணக்கு.
எல்லோருக்கும் போல மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன்.
ஒரு சுற்றைக் குறைக்கக் கை யோசித்தது;
அந்த யோசனைக்கு
இன்னும் வெட்கப்படுகிறேன்.

நடந்தாள்.
"இடது, இடது" என்று யாரோ கத்த
"வாயை மூடுங்க, கள்ள விளையாட்டு" என்றாள்.
கூட்டம் சிரித்தது.
அவளும் சிரித்தாள்,
கால் சற்று வழி தவறியது.

புள்ளி விழுந்தது
கண்ணுக்கு இரண்டு விரல் கீழே,
கன்னத்தில்.

வாளி, சும்மா கைவீசி நடந்த
பன்னிரண்டு வயது டிலக்சனுக்கு.
அவளுக்கு இரண்டாமிடம், தம்ளர் ஆறு.
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்து
"ஒன்றில் வெடிப்பு" என்று மாற்றி வாங்கினாள்.

அதற்குள் தோற்ற பதினாறு பேரும்
பலகை முன்னால் வரிசையில்.
கண்ணை மூடிக்கொண்டு
தும்பு யானையைத் தடவிப் பார்க்க வேண்டுமாம்.
அடுத்த வருடம் எல்லோருக்கும் தும்பு என்று
அங்கேயே தீர்மானம்.

கழகத்தின் கூட்டக் குறிப்பில்
என் கையெழுத்தில்
இன்னொரு வரியும் உண்டு:

முறைப்பாடு, கோகிலவதனி.
காதை ஒழுங்காகக் கீறியிருந்தால்
கண் சரியாக வந்திருக்கும்.
வாத்தியாரின் பதில்
இன்னும் கிடைக்கவில்லை.